காலியாக இருக்கும், ஆனால் காலி இல்லாத கடை

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யில் பிறந்தது. போன செவ்வாய்க்கிழமை டென்மார்க்கின் ஒடென்சே நகரில், தொலைபேசியில் ஒருவரிடம் என் பெயர் பிர்கிற் என்று ஒரு டெனிஷ்காரியின் பெயரைச் சொன்னேன். என் பெயர் சுஜீவா.

(பொய் இவ்வளவு சுகமாக இருக்கும் என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.)

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘டென்மார்க்கில் கறுப்பின மக்களின் பொருளாதார முன்னேற்றத்துக்குத் தடையாக இருப்பவை எவையெனில்...’ எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.

கிளோறியா கானாக்காரி. விக்ரோரியா கொங்கோக்காரி. இருவரும் என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார்கள். லீவு நாட்களில் அவரவர் வீட்டுக் குசினியில் ஆட்களுக்குத் தலை பின்னிவிடுகிறார்கள். இருவருக்கும் சலூன் திறக்க ஆசை. ஆனால் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஒரு விழா அழைப்பிதழில் யாருடைய சங்கத்தின் பெயர் மேலே வருவது என்ற சண்டை. (சிரிக்காதீர்கள். ஹேர்னிங் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கம் மூன்றாக உடைந்தது, யார் விளக்கேற்றுவது என்பதில்.)

3

அவர்கள் கதைப்பது டெனிஷ். எனக்கு எழுத வருவது யாழ்ப்பாணத் தமிழ். பொறுத்துக்கொள்ளுங்கள்.

“ஸ்ரேசனடியிலை ஒரு கடை வாடகைக்கு எண்டு போட்டிருந்தது. நேரிலை போனன். குடுத்தாச்சாம்,” என்றாள் கிளோறியா காலையில்.

மத்தியானம் விக்ரோரியா அதே கடையையும் அதே பதிலையும் சொன்னாள். இருவரையும் சலவை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

“உனக்குமா?” என்றாள் கிளோறியா. இரண்டு வருடத்தில் முதல் பேச்சு.

“எனக்குத்தான் முதல்,” என்றாள் விக்ரோரியா, விட்டுக்கொடுக்காமல்.

மூன்று பேரும் துவாய்க் குவியலில் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போதுதான் அந்தக் கடையின் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து நான் பிர்கிற் ஆனேன்.

“ஓம், கடை காலியாத்தான் கிடக்கு. எப்ப பாக்க வாறீங்கள்?” என்றார் சொந்தக்காரர்.

சிரிப்பு நின்றுவிட்டது.

[சொந்தக்காரருக்கு முதலில் ஒரு முறுக்கு மீசை வைத்திருந்தேன். அழித்துவிட்டேன். நல்ல மரியாதைக்காரராம். கதவைத் திறந்து பிடித்தபடிதான் இல்லை என்றாராம்.]

4

இன்று சனிக்கிழமை. கடை வாசலில் நியாயம் கேட்க இரண்டு சங்கத்துப் பெண்களும், நாற்பது பேர். நடைபாதையில் ஒரு கதிரை. விக்ரோரியா இருக்கிறாள், கிளோறியா பின்னுகிறாள். ட்ராமில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். நான் ஒரு கையில் சீப்பும் மறு கையில் தொலைபேசியுமாக இதை எழுதுகிறேன்.

முடிவு அ: சொந்தக்காரர் கடைப் பூட்டின் திறப்பைத் தருகிறார். (சீனி கூடிவிட்டது.)

முடிவு ஆ: அவர் தொலைபேசி எடுக்க, பொலிஸ் வருகிறது.

முடிவு இ: கடை கிடைத்த மறுநாளே இவர்கள் இருவரும்...

“என்னடி எழுதுறாய்?” என்கிறாள் கிளோறியா.

“முடிவு.”

“இன்னும் பாதித் தலை கிடக்கு. சீப்பைத் தா!”

கடைக் கதவு திறக்கிறது. அவர்தான். கையில் ஏதோ இருக்கிறது, திறப்போ தொலைபேசியோ. எல்லோரும் ஒன்றாக முன்னால் நெருக்குகிறார்கள். நான் குள்ளம். நீங்கள் கொஞ்சம் உயரம் என்றால், எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.