அதே பெயர், அதே இனிஷியல்

சாவிக்காரர் ஒரு பித்தளைச் சாவியின் பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, எதிரே நின்ற வாடிக்கையாளர் செய்தித்தாளை மடித்துப் பிடித்து அவருடைய வரலாற்றைச் சத்தமாகப் படித்தார். வரலாறு ஒரே வரிதான். "கடந்த முறை பெயர் ஒற்றுமையால் வாக்குகள் சிதறி, அசைக்க முடியாதவர் என்று கருதப்பட்ட தலைவர் முதன்முறையாகத் தோல்வியைத் தழுவினார்."

"இது நீங்கதானே?"

"அதுல என் பேரு இருக்கா?"

"இல்ல. பெயர் ஒற்றுமைன்னு போட்டிருக்கான்."

"அப்ப நான்தான்" என்றார் சாவிக்காரர், அரத்தை நிறுத்தாமல்.

தேர்தல் அறிவித்தால் போதும், ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர் அந்தப் பத்திரிகையில் தொகுதியின் வரலாற்றை எழுதிவிடுவார். போன முறை எழுதியதில் கடைசிப் பத்தியை மட்டும் மாற்றினால் போதும் என்பதால் அவருக்கும் சிரமமில்லை, படிப்பவர்களுக்கும் அதிர்ச்சியில்லை. தொகுதி பிறந்தபோது ஒரு வக்கீல் வென்றார். நாடாளுமன்றத்தில் அவர் அனல் பறக்கப் பேசினார் என்பார்கள்; என்ன பேசினார் என்று யாரும் சொல்வதில்லை. பிறகு ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத் தலைவரை அனுப்பினார்கள். ஆலை இளைத்தது, சங்கத் தலைவர் பெருத்தார். அப்புறம் எல்லையைத் திருத்தினார்கள். ஆற்றோரத்துக் குடிசைகளைக் கத்தரித்துப் பக்கத்துத் தொகுதியில் ஒட்டிவிட்டு, புது அடுக்குமாடிகளை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். 'வடக்கு' என்றிருந்த தொகுதி 'மத்திய' தொகுதி ஆயிற்று. ஊர் மட்டும் நகராமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்தப் புதுத் தொகுதியில்தான் தலைவர் வந்து இறங்கினார். ரயில் பாதைக்கு மேல் பாலம் கட்டித் தருவேன் என்றார். தேர்தலுக்கு ஒரு தூண் எழும்பியது. அந்தக் கணக்கில் பாலம் முடிய வேண்டுமானால் தலைவர் நூறு வயதைத் தாண்டியும் ஜெயித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டே அவருக்கு ஓட்டும் போட்டார்கள். திட்டுவதற்குப் பழகிய ஆளாக ஒருவர் இருப்பதும் ஒரு வசதிதானே.

போன தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரு யோசனை செய்தார்கள். புத்திசாலித்தனமான யோசனை என்று சொல்ல முடியாது. உலகத்தில் தேர்தல் நடக்கிற இடமெல்லாம் நடக்கிற காரியம்தான். தலைவரின் பெயரும் இனிஷியலும் அச்சு அசலாக உள்ள ஒருவரைத் தேடினார்கள். ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, சாவியைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் பொருத்திய மேசையும் சுவரெல்லாம் தொங்கும் சாவிகளுமாக அவர் கிடைத்தார். "அண்ணே, நீங்க சுயேச்சையா நில்லுங்க. ஒரு நாளாவது உங்க பேரை ஊரே படிக்கட்டுமே" என்றார்கள். சாவிக்காரரின் பெயரை அதுவரை படித்தவர் மின்கட்டணம் கணக்கெடுக்க வருகிறவர் ஒருவர்தான். சரி என்றுவிட்டார். தலையில் ஒரு முடிகூட இல்லாத அவருக்குத் தேர்தல் அலுவலகம் சீப்பைச் சின்னமாகக் கொடுத்தது. ஓட்டுச்சீட்டில் தலைவர் பெயருக்கு அடுத்த வரியிலேயே அவர் பெயர். தலைவர் தோற்ற வித்தியாசத்தைப் போல நாலு மடங்கு ஓட்டு சீப்புக்கு விழுந்திருந்தது.

தலைவர் தோற்றதும் பதவியோடு வந்த கார் போயிற்று. காரோடு காரோட்டியும் போனார். அந்தக் காரோட்டி, சாவிக்காரருடைய தங்கையின் கணவர்.

அன்றைக்கு நின்றதுதான், தங்கை அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மாப்பிள்ளை வாடகை வண்டி, பள்ளிக்கூட வண்டி, பிண வண்டி என்று கிடைத்ததையெல்லாம் ஓட்டினார். சாவிக்காரர் எத்தனையோ முறை தண்டவாளத்தைத் தாண்டிப் போய்த் தங்கை வீட்டுக் கதவைத் தட்டினார். ஊரில் எந்தக் கதவையும் ஒரு கம்பியை வளைத்துத் திறந்துவிடுகிறவர் அங்கே மட்டும் தட்டிவிட்டு நின்றார். உள்ளே விளக்கெரியும். கதவு திறக்காது.

இவ்வளவுக்குப் பிறகும், இந்தத் தேர்தலில் அவர் மறுபடி மனு போட்டார். இந்த முறை யாரும் வந்து கூப்பிடவில்லை. தானாகவே போய், தானே கையெழுத்துப் போட்டார்.

"கூப்பிட்டுப் போனாலே அசிங்கம். கூப்பிடாமப் போயிருக்கீங்க" என்றாள் மனைவி. "ஒங்களுக்கு விழுந்தது பூரா அவருக்குப் போட வந்தவன் கண்ணு தெரியாமப் போட்ட ஓட்டு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"பூராவுமா?"

"பூராவும்!"

அந்தப் 'பூராவுமா' என்ற கேள்வியில்தான் சாவிக்காரர் இத்தனை வருஷமும் குடியிருந்தார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரிந்ததால் யாரிடமும் சொன்னதில்லை. தேர்தல் முடிந்த சில நாளில், பேருந்துக்காக நின்ற ஓர் அம்மாள் அவரைப் பார்த்து, "நீங்கதானே எங்க வீட்டுப் பூட்டைத் திறந்து குடுத்தது? குழந்தை உள்ள மாட்டிக்கிட்டுக் கதறிச்சே. ஒங்களுக்குத்தான் போட்டேன்" என்றாள். நிஜமாகவே போட்டாளோ, வாய்க்கு வந்ததைச் சொன்னாளோ. பேருந்து வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சாவிக்காரர் இரவுகளில் எடுத்து வைத்துப் பார்ப்பார். எத்தனை வீட்டுக் கதவைத் திறந்திருக்கிறோம். அதில் பத்தில் ஒருவன் நன்றியுள்ளவன் என்றாலும், சிதறியவற்றில் கொஞ்சம் சிதறாமல் நேராகத் தன்னிடம் வந்ததாக இருக்கக்கூடாதா? தேர்தல் அலுவலகம் மொத்தத்தைச் சொல்லும். எது யாருக்காக விழுந்தது என்று அதற்குத் தெரியாது. இன்னொரு முறை நின்று பார்த்தால்? இப்போது ஊருக்கே விஷயம் தெரியும். தெரிந்த பிறகும் யாராவது இந்தச் சாவிக்காரனுக்குப் போட்டால், அது தனக்கே தனக்கு விழுந்த ஓட்டுத்தானே.

மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு முந்தின மாலை, கடையை அடைக்கிற நேரத்தில் தங்கை வந்து நின்றாள். தலையில் நரை எட்டிப் பார்த்திருந்தது. கையில் பை இல்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை. அவர் பதறி எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காரு பாப்பா. வீட்டுக்குப் போலாமா? அண்ணி இருக்கா."

"இங்கயே போதும்ணே." உட்கார்ந்தாள். தொங்கும் சாவிகளையே பார்த்தாள். "அவரு மறுபடி தலைவர் வண்டிதான் ஓட்டுறாரு. பிரச்சாரம் முடியிற வரைக்கும்னு சேத்திருக்காங்க. ஜெயிச்சா நிரந்தரம்னு சொல்லியிருக்காரு."

"நல்லது."

"நல்லதுதான். நேத்து வண்டியில போகும்போது தலைவர் கேட்டாராம், 'அந்தச் சீப்பு ஒன் மச்சான்தானேடா?'ன்னு. அதுக்கப்புறம் வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒரு பேச்சில்லையாம்."

சாவிக்காரர் வைஸின் கைப்பிடியைத் திருகினார். அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை.

"வாபஸ் வாங்குன்னு சொல்ல வந்திருக்க."

"ஆமா."

"இத்தனை வருஷம் கழிச்சு வந்தது அதுக்குத்தான்."

"ஏன், வேற எதுக்கு வரணும்? ஒன் கட்சியில சேரவா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வாயோரம் இழுத்தது. இருவரும் அதை அடக்கிக்கொண்டார்கள். பிறகு அவர், சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் பாப்பா. அத்தனை பேருல ஒருத்தராவது எனக்குன்னு போட்டாங்களா? அது தெரிஞ்சாப் போதும். அப்புறம் சாகிற வரைக்கும் இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்."

மாடிப்படியில் யாரோ செருப்புச் சத்தத்தோடு ஏறிப் போனார்கள்.

"நான் போட்டேன்" என்றாள்.

"நீயா?"

"வேணும்னு இல்ல. தலைவருக்குப் போடத்தான் போனேன். அவரு ஜெயிச்சாத்தானே எங்க வீட்டுல அடுப்பெரியும். 'சின்னத்தைப் பாத்துப் போடு, சின்னத்தைப் பாத்துப் போடு'ன்னு இவரு ஆயிரம் தடவ சொல்லி அனுப்புனாரு. உள்ள போயி சீட்டை விரிச்சேன். ஒன் பேரு இருந்துச்சு. ரெண்டு வரியில இருந்துச்சு. எனக்கு ஒண்ணுதான் தெரிஞ்சது. குத்திட்டேன். வெளிய வந்து மையைத் தொடைக்கிறப்பதான் ஒறைச்சது." மூக்கை உறிஞ்சினாள். "ஊர்ல எல்லாரும் அந்தாளுன்னு நெனச்சு ஒனக்குப் போட்டாங்க. நான் ஒருத்திதான் நீன்னு குத்துனேன். எனக்கு அந்தப் பேருன்னா அது நீதானேண்ணே. பொறந்ததுலேருந்து வேற யாரை அந்தப் பேரு சொல்லிப் பாத்திருக்கேன்?"

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"வேலை போச்சு, வேலை போச்சுன்னு அவரு ஒக்காந்திருந்தப்ப எப்படிச் சொல்றது? நீ வந்து கதவத் தட்டுறப்பல்லாம் உள்ளதான் இருந்தேன். ஒன் மேல கோவம்னு எல்லாரும் நெனச்சாங்க. அதுவே சவுகரியமா இருந்துச்சு."

சாவிக்காரர் இத்தனை வருஷம் தேடிய ஓட்டு கிடைத்துவிட்டது. மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று காத்துப் பார்த்தார். வரவில்லை. மேசையில் கிடந்த அரத்தூளை விரலால் கூட்டித் தள்ளினார்.

"நாளைக்குப் போயி வாங்கிடுறேன்" என்றார்.

"நானும் வரேன். நீ வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துருவ."

தேர்தல் அலுவலகம் மறுநாள் கல்யாண வீட்டைப்போல் இருந்தது. வாபஸ் நேரம் முடிந்தவுடனே சின்னம் ஒதுக்குவார்கள் என்பதால் எல்லா வேட்பாளர்களும் வந்திருந்தார்கள். நீளமான நடையில் ஒரு பக்கம் மர பெஞ்சு. கட்சி வேட்பாளர்களுக்கு மட்டும் குஷன் வைத்த நாற்காலி. ஜனநாயகத்தில் எல்லாரும் சமம்; உட்காருமிடத்தில்தான் கொஞ்சம் முன்னே பின்னே. சாவிக்காரரும் தங்கையும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். வாபஸ் தாளில் அவர் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எழுத்தரிடம் சொல்லிவைத்தாயிற்று; கூப்பிட்டதும் எழுந்துபோய்க் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

பெஞ்சின் மறு ஓரத்தில் சலவைச் சட்டை போட்ட பேருந்து நடத்துனர் ஒருவர். அவருக்கு அந்தப் பக்கம், வேட்பாளராக நிற்கும் வயதை இப்போதுதான் எட்டியிருந்த, தாடி சரியாக முளைக்காத ஒரு பையன், ஓயாமல் ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு. யாருக்கும் யாரையும் தெரியவில்லை.

அப்போது தலைவர் வந்தார். முன்னால் நாலு பேர், பின்னால் ஆறு பேர், கடைசியில் கார்ச் சாவியோடு மாப்பிள்ளை. தலைவரின் கைகள் பெஞ்சைக் கண்டதும் வழக்கப்படி தாமாகவே குவிந்தன. சாவிக்காரரைப் பார்த்து, "ஐயா, உங்க ஓட்டு நமக்குத்தான்" என்று புன்னகைத்துவிட்டு நகர்ந்தார். ஆளைத் தெரியவில்லை. தன்னைத் தோற்கடித்த முகத்தை அவர் இதுவரை கவனித்ததே இல்லை; ஓட்டுச்சீட்டில் முகம் இருக்காதே. மாப்பிள்ளை மனைவியையும் மைத்துனரையும் பார்த்து வெளிறிப்போய்ச் சுவரோரம் ஒதுங்கினார்.

நாற்காலியில் சாய்ந்துகொண்டு தலைவர் உதவியாளரிடம், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கேட்டார். "இந்தத் தடவ எத்தனை பேரு?"

"நம்ம பேருல மூணு பேரு தலைவரே. பழைய சீப்பு ஒண்ணு. எதிர்க்கட்சி புதுசா எறக்குனது ரெண்டு."

"திருட்டுப் பசங்க. என் பேரைத் திருடி வெச்சுக்கிட்டுப் பொழைக்கிறானுங்க. டேய் டிரைவர், ஒன் மச்சான்கிட்ட சொன்னியா இல்லியா? போ, போயித் தண்ணி எடுத்துட்டு வா."

மாப்பிள்ளை தண்ணீர் எடுக்கப் போனார். ஓடவில்லை, ஓடுவதுபோல் நடந்தார்.

சாவிக்காரர் மடியிலிருந்த தாளை நேராக்கினார். தான் ஒதுங்கினாலும் இரண்டு பேர் நிற்கப்போகிறார்கள். நின்றாலும் மூன்றில் ஒருவர்தான். பெஞ்சின் மறு ஓரத்தில் இருந்தவர்களை அவர் இப்போது திரும்பிப் பார்த்தார். நடத்துனர் அவரைப் பார்த்துக் கூச்சத்தோடு தலையசைத்தார். போன முறை தானும் இப்படித்தான் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்ததை நினைத்தபோது அந்த ஆளின் மேல் கோபம் வரவில்லை.

"எங்கண்ணன் இவரை விட மூத்தவரு" என்றாள் தங்கை, யாரிடமும் இல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு. "யாரு பேரை யாரு திருடுனது?"

"சும்மா இரு பாப்பா. மாப்பிள்ளை காதுல விழப்போவுது."

"விழட்டும்."

உள்ளேயிருந்து எழுத்தர் எட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கையிலிருந்த தாளைப் பார்த்து, இனிஷியலோடு அந்தப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார்.

நடத்துனர் எழுந்தார். பையன் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டே எழுந்தான். நாற்காலியில் தலைவரும், இத்தனை காலம் மேடைகளில் அந்தப் பெயர் கேட்டதும் எழுந்த பழக்கத்தில், பாதி எழுந்துவிட்டார். எழுந்தவர் மற்றவர்களைப் பார்த்ததும், எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்தபடி அந்தரத்தில் நின்றார். மாப்பிள்ளை தண்ணீர்க் குவளையோடு நடை முனையில் நின்றுவிட்டார்.

"வாபஸ் வாங்கறவரு மட்டும் வாங்க சார்" என்றார் எழுத்தர். "நேரமாவுது."

எல்லாரும் சாவிக்காரரைப் பார்த்தார்கள். அந்தப் பெயர்க்காரர்களில் அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். தங்கை அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள், விரல் நுனி வெளுக்கும்படி. எழுப்பவா, உட்கார்த்தி வைக்கவா என்று அந்தக் கைக்கே இன்னும் தெரியவில்லை.