யென் விழுந்த வருஷம்

அமெரிக்க விமானப் படையில் நான் பார்க்கும் வேலையை வெளியாட்களுக்கு விளக்குவது கஷ்டம். நான் விமானம் ஓட்டுவதில்லை, பழுது பார்ப்பதுமில்லை. எங்கள் பிரிவில் யாருக்காவது கல்யாணத்தில் விரிசல் விழுந்தால், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், குடித்துவிட்டு ஊர்க்காரர் வேலியில் காரை ஏற்றினால், முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். முதல் சார்ஜென்ட் என்று பதவிக்குப் பெயர். கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகள் படுகிற பாடு.

வடக்கு ஜப்பானில் இருந்த அந்த இலையுதிர் காலத்தில், கதவைத் தட்டியவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். வெளிநாட்டில் குடும்பத்தோடு இருக்கிற படையாளுக்கு அரசாங்கம் சம்பளத்தோடு ஒரு விலைவாசிப்படி தரும். அமெரிக்காவில் வாழ்வதைவிட இங்கே எவ்வளவு கூடுதலாகச் செலவாகும் என்று பார்த்து அதை நிர்ணயிப்பார்கள். ஜப்பான் நாணயமான யென் வலுத்தால் படி ஏறும், யென் விழுந்தால் இறங்கும். அந்த வருஷம் விழுந்த யென் எழுந்திருக்கவே இல்லை. படி பாதியாகி, பாதியிலும் பாதியானது.

ஒன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். யென் விழுந்தால் ஊருக்குள் எங்கள் டாலருக்கு எல்லாமே மலிவு. படியைக் குறைத்ததே அதனால்தான். எங்கள் ஆட்களோ படி போய்விட்டது, இனி வெளியே தலைகாட்டக் கூடாது என்று முகாம் கேட்டுக்குள் முடங்கிக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து வந்து பாதி நசுங்கிய ஸ்ட்ராபெரியை முகாம் கடையில் டாலர் கொடுத்து வாங்கிவிட்டு, விலைவாசி தாங்கவில்லை என்று என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆப்பிள் கூடை கூடையாகக் குவிந்து கிடந்தது. கூட்டம் போட்டு, பலகையில் எழுதிக்கூட விளக்கினேன். நன்றாகத் தலையாட்டினார்கள். மறுநாளும் அதே கடையில் அதே வரிசை.

அந்தச் சமயத்தில்தான் லைல் ஹப்பர்ட் வந்தான். இரவு ஷிஃப்டில் எஞ்சின் பழுது பார்க்கிற பையன், நெப்ராஸ்காக்காரன். கூடவே மனைவி கெண்ட்ராவும், ஜூனி என்கிற நாலு வயசுப் பெண்ணும். குடும்பத்தை முன்கூட்டியே ஊருக்கு அனுப்பிவிடுவதற்கான விண்ணப்பம் அவன் கையில் இருந்தது. அது சாதாரணக் காகிதம் இல்லை. ஒருமுறை அனுப்பினால் அனுப்பியதுதான், திரும்பக் கூட்டிவர அரசாங்கம் டிக்கெட் தராது. அவன் இன்னும் இரண்டு வருஷம் இங்கே தனியாகக் கிடக்க வேண்டும். அந்த வயசில் இரண்டு வருஷம் பிரிந்திருந்த ஜோடிகள் எத்தனை பேர் பிறகு ஒரே வீட்டுக்குப் போனார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"இவ அம்மா வீட்ல வாடகை கிடையாது சார்ஜென்ட். நான் முகாம் விடுதிக்கு மாறிடுவேன். எப்படிப் பாத்தாலும் கணக்கு சரியா வருது" என்றான் ஹப்பர்ட், தன் போனைப் பார்த்துக்கொண்டே.

நான் கெண்ட்ராவைப் பார்த்தேன். அவள் ஜூனியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்னம்மா சொல்ற?"

"அவன்தான் கணக்குப் போட்டுட்டானே. இனிமே நான் சொல்ல என்ன இருக்கு?"

அந்தப் பதிலில் இருந்த கசப்பு எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இன்னொரு ஸ்ட்ராபெரிக் குடும்பம் என்றுதான் நினைத்தேன். பரிந்துரை எழுதுமுன் ஒரு நிபந்தனை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்னோடும் என் மனைவி ரோஸ்லினோடும் ஹச்சினோஹே துறைமுகச் சந்தைக்கு வர வேண்டும், அதற்குப் பிறகும் கணக்கு சரியாக வந்தால் எழுதுகிறேன் என்றேன்.

ஞாயிறு விடிகிற நேரத்தில் அந்தத் துறைமுகத்தில் நிற்காதவன் இந்த ஊரில் இருந்ததாகவே அர்த்தமில்லை. கப்பல்துறை நெடுக லாரியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வியாபாரம். கரி அடுப்பில் சிப்பி வாய் பிளந்துகொண்டிருந்தது. ஒரு கிழவர் பெரிய அண்டாவில் கோதுமை அப்பளம் போட்ட சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தார். கருவாட்டுக்காரி ஜூனியின் கையில் ஒரு கணவாய்க் காலைத் திணித்தாள். அது அப்பன் தோளில் உட்கார்ந்து அதைக் கடித்துக்கொண்டே வந்தது. ஹப்பர்ட் ஒவ்வொரு கடையிலும் விலையைக் கேட்டு, டாலராக மாற்றிப் பார்த்து, நம்பாமல் மறுபடியும் மாற்றிப் பார்த்தான். ஒரு பெட்டி ஆப்பிளைத் தூக்கிக்கொண்டு, திருடிவிட்டு வருகிறவன் மாதிரி ஓட்டமும் நடையுமாகக் காருக்கு வந்தான். கெண்ட்ரா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீடு திரும்பும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. ரோஸ்லின் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நாலு சிப்பிய வாங்கிக் குடுத்து ஒரு குடும்பத்தையே காப்பாத்திட்ட. பதக்கம் குத்தச் சொல்லட்டுமா?"

குத்தினால் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் கெண்ட்ரா தனியாக வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, உட்காராமலே பேசினாள். நேற்றைக்கு நன்றி என்றாள். பிறகு, சார்ஜென்ட், இதில் பணம் ஒரு விஷயமே இல்லை என்றாள். அவன் இரவெல்லாம் எஞ்சினோடு இருக்கிறான், பகலெல்லாம் தூங்குகிறான், எழுந்தால் சாப்பாட்டைத் தவிரப் பேச்சில்லை. கோடையிலிருந்தே இப்படித்தான். நேற்றுக் காரில் ஆப்பிள் விலையைப் பற்றி வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தான், அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது என்றாள்.

"அப்ப ஊருக்குப் போகணும்னு இல்லையா?"

"ஒரு நாள், போயிடவான்னு சும்மா கேட்டேன். போகாதன்னு சொல்வான்னு நினைச்சேன். அவன் போனை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டான்."

இதை அவனிடம் நான் சொல்கிறேன் என்று எழுந்தேன். அவள் கதவை மறித்தாள்.

"நீங்க சொல்லிக் குடுத்து அவன் சொன்னா, அது எனக்கு வேணாம்."

அதில் நியாயம் இருந்தது. வாக்குக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இழுத்தடிக்கும் கலைதான். ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு வாரம், மேலதிகாரி ஊரில் இல்லை என்று இன்னொரு வாரம் என விண்ணப்பத்தை என் மேஜையிலேயே ஊறப்போட்டேன். ஹப்பர்ட் ஒரு தடவைகூட வந்து என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அவசரப்பட வேண்டியவன் ஏன் அவசரப்படவில்லை என்று நானும் யோசிக்கவில்லை.

டிசம்பரில், யாரும் எதிர்பார்க்காத ஒரு காலையில், படி ஏறியது. போனதெல்லாம் திரும்பிவிடவில்லை, ஆனாலும் கணிசமான ஏற்றம். யாரோ டோனட் வாங்கி வந்தார்கள். தாழ்வாரமெல்லாம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹப்பர்ட் இழவு விழுந்த முகத்தோடு உள்ளே வந்தான்.

"சார்ஜென்ட், படி ஏறிடுச்சு."

"அதான் பாக்கறேனே. உனக்கென்ன கேடு?"

"இனிமே என்ன காரணம் சொல்லி அவளை அனுப்பறது?"

என் வாழ்க்கையில் எத்தனையோ முட்டாள்தனமான கேள்விகளைக் காதால் கேட்டிருக்கிறேன், இதற்கு ஈடு எதுவும் இல்லை. உட்காரச் சொன்னேன். மெல்ல மெல்லக் கொட்டினான். கெண்ட்ரா இங்கே வாடிப் போகிறாள், ஒரு சிநேகிதிகூட இல்லை. சும்மா ஊருக்குத் திரும்பினால் அவள் அம்மா விடமாட்டாள், ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லையா என்று குத்திக் காட்டியே கொன்றுவிடுவாள். படி குறைந்துவிட்டது, அதனால் வந்தேன் என்றால் யாரும் வாய் திறக்க முடியாது. அதற்காகத்தான் அந்தக் கணக்கெல்லாம். அவள் கௌரவமாகப் போகட்டும் என்று இவனாகவே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறான்.

"நீ என்ன நினைக்கறேன்னு அவகிட்ட சொன்னியா?"

"நான் நினைக்கறதைச் சொன்னா அவ இருந்துடுவா சார்ஜென்ட். இருந்து கஷ்டப்படுவா. எப்படிச் சொல்றது?"

என் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. வாக்கு தடுத்தது. வீட்டுக்குப் போ, போனை எடுக்காதே, மனசில் இருப்பதை அப்படியே அவளிடம் சொல் என்று மட்டும் சொன்னேன். வாக்கை மீறினேனா இல்லையா என்று இன்றைக்கும் ரோஸ்லினுக்கும் எனக்கும் வழக்கு.

மறுநாள் இருவரும் சேர்ந்து வந்தார்கள். முகங்களைப் பார்த்ததுமே நல்லபடியாக முடியவில்லை என்று தெரிந்துவிட்டது. போக வேண்டாம் என்று நேற்றே அவளிடம் சொல்லிவிட்டேன் என்றான் ஹப்பர்ட்.

"சொன்னான்" என்றாள் கெண்ட்ரா. "படி ஏறின அன்னிக்குச் சொன்னான்."

"அதுக்காகச் சொல்லலை."

"அப்ப போன மாசம் ஏன் சொல்லலை?"

அவனிடம் பதில் இருந்தது. என்னிடம் கொட்டிய அதே பதில். அதையே அவளிடமும் சொன்னான், ஆனால் நேரம் தப்பிவிட்டது. பணம் வந்த பிறகு வருகிற அன்பை எந்தப் பெண் நம்புவாள்? உண்மையாக இருந்தும் அது சாக்காகவே கேட்டது. பாவம், அவனுக்கே அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டான். நான் சாட்சி சொல்ல வாயைத் திறந்தேன்.

"நீங்க பேசாதீங்க சார்ஜென்ட்" என்றாள். பிறகு அவனைப் பார்த்தாள். "இப்ப நான் போகலை. ஆனா இந்தப் படி என்னிக்கு ஒரு இடத்துல நின்னிருக்கு? மறுபடியும் இறங்கும். அன்னிக்கு நீ என்ன சொல்றன்னு பாக்கலாம்."

அந்தக் குளிர்காலத்தில் பனி ஜன்னல் உயரத்துக்குக் கொட்டியது. ஹப்பர்ட் மதியமே எழுந்து அவர்களைக் காரில் எங்காவது கூட்டிக்கொண்டு போவதாக ரோஸ்லின் சொன்னாள். ஊர்க் குளியல் விடுதியில் ஜூனியைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். எல்லாம் நல்ல செய்திதான். எனக்கு மட்டும் யென் விலையைப் பார்க்காமல் காலைக் காப்பி இறங்கவில்லை.

"ஏதாவது பங்கு கிங்கு வாங்கிவெச்சிருக்கியா?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

வாங்கித்தான் வைத்திருந்தேன், ஒருவகையில். முதலில், படி இறங்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். இறங்கவே இல்லையென்றால் அந்தப் பையனுக்கு இன்னொரு வாய்ப்பு வராது. நல்ல சம்பளத்தில், நல்ல வீட்டில், ஒருவரை ஒருவர் நம்பாமல் ஆயுசுக்கும் மரியாதையாக வாழ்ந்துவிடலாம், அப்படிப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். படி குறைய வேண்டும் என்று ஆசைப்பட்ட சார்ஜென்ட் அந்த முகாமில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிப்ரவரிக் கடைசியில் குறைந்தது. நன்றாகவே குறைந்தது. அலுவலகம் வந்ததும் அறிவிப்பைப் பார்த்தேன். ஷிஃப்ட் முடிகிற நேரம் என்பதால் ஓட்டமாகப் பழுதுக்கூடத்துக்குப் போனேன். அறிவிப்பைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள், அதற்கு முன்னால் நின்று நாலைந்து பேர் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஹப்பர்ட் எங்கே என்று கேட்டேன். அதைப் படித்தான், கருவிகளைக்கூட எடுத்து வைக்காமல் போய்விட்டான் என்றார்கள்.

எங்கே போயிருப்பான்? என் அலுவலகத்துக்குப் போயிருந்தால் கதை முடிந்தது. கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம். திரும்பி வந்து, கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லோரும் படியைப் பற்றிப் புலம்பினார்கள், ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன். அவன் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் ரோஸ்லின் போன் செய்தாள். கெண்ட்ரா அவளைக் கூப்பிட்டாளாம். என்ன சொன்னாள் என்று உடனே புரியவில்லையாம், அவ்வளவு அழுகை. ஹப்பர்ட் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், பாய் விரித்த அறைக்குள் பனியோடு நடந்து வந்து, தூங்கிக்கொண்டிருந்தவளை உலுக்கி எழுப்பியிருக்கிறான்.

"எழுப்பி என்ன சொன்னானாம்?"

"குறைஞ்சிருச்சு, போகாத."

"வேற?"

"வேற ஒன்னும் சொல்லலையாம். போதாதா?" என்று கேட்டுவிட்டு, என் மனைவி போனை வைத்துவிட்டாள்.