சிவப்பு வளையம்

என் துப்பாக்கிக்கு வெண்டல் பெயிண்ட் அடித்துவிட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் என் தங்கைக்கு இடுப்பு ஆபரேஷன் என்று ஐந்து நாள் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், கார் ஷெட்டில் குறுக்கே கட்டிய கம்பியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. கீழே நாற்காலியில் என் தலைமுடி உலர்த்துகிற மெஷின். அதை வைத்துத்தான் காயவைத்திருக்கிறான். கட்டிய புருஷனாகப் போய்விட்டான், அதனால் அன்றைக்குத் தப்பித்தான்.

முப்பது வருஷமாக என் கையில் இருந்த துப்பாக்கி அது. வால்நட் மரக்கட்டை. வருஷத்துக்கு இரண்டு தடவை எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து, கன்னம் வைக்கிற இடம் மட்டும் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. இப்போது அந்த மரமும் இல்லை, தேனும் இல்லை. மணல் நிறம், அதன்மேல் பழுப்பு, அதன்மேல் பாசிப்பச்சை, நடுநடுவே ஓக் இலையின் அச்சு. வாசலில் நான் தொட்டியில் வளர்த்த பெரணியைக் கிள்ளி, அதையும் துப்பாக்கிமேல் வைத்துத் தெளித்திருக்கிறான். தொட்டி மொட்டையாக நின்றது.

"எப்படி இருக்கு? காட்டுல கீழ வச்சீன்னா உனக்கே கண்ணுல படாது" என்றான் வெண்டல், பல்லைக் காட்டிக்கொண்டு.

"என் பொருள்மேல கை வைக்காதேன்னு சொன்னேனா இல்லியா?"

"அந்த மரக்கட்டை வெயில்ல பளபளன்னு மின்னுது, ஓலெட்டா. வான்கோழி குருடா? போன வருஷம் உன்னாலதான் ரெண்டு பறவை ஓடிப்போச்சு."

"ஓடுனது என்னாலயா, நீ விட்ட குறட்டையாலயா?"

அவன் தம்பி கார்லிஸ் ஷெட்டு வாசலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "விடு ஓலெட்டா, வெறும் பெயிண்ட்டுதானே. என்னோடதயும்தான் அடிச்சான். ஊர்ல பாதிப் பேருக்கு இவன்தான் இப்ப பியூட்டி பார்லர்."

வெறும் பெயிண்ட்டாம். அந்தத் துப்பாக்கியைக் கையால் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். சொன்னபடி பத்து நாள் தொடவும் இல்லை. பூட்டிய அலமாரியில் அது பாட்டுக்கு நின்றது. நான் செய்த தப்புகளில் முதல் தப்பு அதுதான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. எடுத்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, புரட்டிப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

வான்கோழி வேட்டைக்குச் சிவப்பு ஆகாது. எங்கள் பக்கத்தில் நடக்கக் கற்ற பிள்ளைக்கும் இது தெரியும். சேவலுக்குத் தலை சிவப்பு. புதருக்குள் சிவப்பாக ஏதாவது அசைந்தால், அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எவனோ ஒரு அவசரக்காரன் அதைப் பறவையின் தலை என்று நினைத்துச் சுட்டுவிடுவான். சிவப்புக் கைக்குட்டை கூடாது, சிவப்பு மூடி போட்ட பிளாஸ்க் கூடாது. வெண்டல் இதில் பைத்தியம். ஒரு தடவை என் சாக்ஸில் சிவப்பு நூல் ஓடுகிறது என்று வண்டியைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டி வந்தவன்.

அந்தப் பைத்தியம்தான் துப்பாக்கியில் இருந்த சிவப்பையும் பார்த்திருக்கிறது.

விசைக்குப் பின்னால் ஒரு சேஃப்டி பொத்தான் உண்டு. வலமிருந்து இடமாகத் தள்ளினால் இடப் பக்கம் எட்டிப் பார்க்கும், அதைச் சுற்றி மெல்லிசாக ஒரு சிவப்பு வளையம் தெரியும். சிவப்புத் தெரிந்தால் சுடும். தெரியாவிட்டால் சுடாது. முப்பது வருஷமாக நான் நம்பி வந்தது அவ்வளவுதான். வெண்டல் பொத்தானை வெளியே தள்ளிவைத்து, அந்த வளையத்தின்மேல் பொட்டு விடாமல் பழுப்பு அடித்திருந்தான்.

சீசன் தொடங்கிய முதல் நாள். பொழுது நன்றாக விடிந்துவிட்டது. கார்லிஸும் நானும் ஒரு ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். வெண்டல் ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாகப் போயிருந்தான். கார்லிஸ் பெட்டை வான்கோழி மாதிரிக் கூப்பிட்டான், சேவல் பதில் சொன்னது. நான் குனிந்து பார்க்காமலே பொத்தானைத் தள்ளிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நாற்பது கஜம் வரை வந்த பறவை என்ன நினைத்ததோ, திரும்பி வேலி தாண்டி மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் அங்கிருந்து கூவியது.

"வா வா, சுத்தி வளைச்சிரலாம்" என்று கார்லிஸ் எழுந்து ஓடினான். நானும் ஓடினேன். ஓடும்போது குனிந்து பார்த்தேன். பொத்தானைத் திரும்பத் தள்ளினேனா இல்லையா என்று ஞாபகம் வரவில்லை. சிவப்பு இல்லை. சரி, தள்ளியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முள்கம்பி வேலி வந்தது. வேலி தாண்டும்போது தோட்டாவை எடுத்துவிட வேண்டும். பன்னிரண்டு வயதில் வேட்டை வகுப்பில் உட்காரவைத்து எங்களுக்குச் சொல்லித் தருகிற முதல் பாடம். நான் எடுக்கவில்லை. சேவல் கூவிக்கொண்டிருந்தது, கார்லிஸ் ஏற்கெனவே தாண்டி அந்தப் பக்கம் நின்றான். துப்பாக்கியைக் கீழ்க்கம்பிக்கு அடியில் தரையோடு தரையாக அவன் பக்கம் தள்ளினேன். முட்செடிக் கொடி ஒன்று விசையில் மாட்டியது.

சத்தம் கேட்டபோது எனக்கு முதலில் புரியவில்லை. கார்லிஸ் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய இடது பூட்ஸின் முனை அங்கே இல்லை.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சத்தம் கேட்டு வெண்டல் ஓடி வந்தான். பெல்ட்டால் காலை இறுக்கிக் கட்டினோம். கார்லிஸை என் வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நான் பறந்தேன். மூன்று துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு வெண்டல் வீட்டுக்குப் போனான். இரண்டு விரல் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். கார்லிஸின் கட்டில் ஓரத்தில் நின்று மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அவன், "நீ பாத்திருக்கணும் ஓலெட்டா" என்றான். "பாத்தேன் கார்லிஸ், சிவப்பே இல்ல" என்றேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மத்தியானம் மூன்று மணிக்கு வேட்டை அதிகாரி வீட்டுக்கு வந்தார். பர்ச்சம் என்று பெயர், சின்ன வயது, மரியாதையான ஆள். சமையலறை மேஜையில் தாளை விரித்துவைத்து, "சேஃப்டி போட்டிருந்தீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"பாத்தேன். சிவப்புத் தெரியல. போட்டிருக்குன்னு நெனச்சேன்."

வெண்டல் எழுந்துபோய் என் துப்பாக்கியைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தான். தோட்டா இல்லை என்று திறந்து காட்டிவிட்டு, பொத்தானைத் தள்ளினான். வளையம் பளிச்சென்று தெரிந்தது. செர்ரிப் பழச் சிவப்பு.

"நல்லாத்தான் தெரியுது சார்" என்றான் வெண்டல், தலையைக் குனிந்துகொண்டு. "அவசரத்துல அவ பாத்திருக்க மாட்டா. பாவம், அவளயும் குத்தம் சொல்ல முடியாது."

பாவமாம். நான் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. என் கண் கெட்டுவிட்டதா, வயதாகிவிட்டதா, நிஜமாகவே பார்க்காமல்தான் பார்த்தேன் என்கிறேனா? அப்புறம் மூக்கில் ஏறியது, பெயிண்ட்டைக் கரைத்துத் துடைக்கிற தின்னர் வாசனை. வெண்டலின் கையிலிருந்து வந்தது. நான்கு நாளாக இவன் பெயிண்ட் வேலை எதுவும் செய்யவில்லை.

எழுந்து ஷெட்டுக்குப் போனேன். "எங்க போற?" என்று வெண்டல் பின்னாலேயே வந்தான். குப்பைக் கூடையில் காது குடைகிற பஞ்சுக் குச்சிகள் கிடந்தன, எல்லாம் பழுப்பும் பச்சையுமாக. மேஜைமேல் அவனுடைய துப்பாக்கி, பக்கத்தில் கார்லிஸுடையது. இரண்டின் பொத்தானையும் தள்ளிப் பார்த்தேன். இரண்டிலும் சிவப்பு, சுத்தமாக. ஆனால் கம்பியில் இன்னொன்று தொங்கியது, பக்கத்துப் பண்ணை ஹோலிஸ் கொடுத்தது, வேலை முடிந்து அவன் வந்து வாங்கிப் போகக் காத்திருந்தது. அதன் பொத்தானைத் தள்ளினேன். பழுப்பு.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குக் கம்பியில் தொங்குவதை மறைக்கத் தோன்றவில்லை.

அதைக் கழற்றிக்கொண்டு வந்து பர்ச்சம் முன்னால் வைத்தேன். "தோட்டா இல்ல, நீங்களே பாத்துக்குங்க. அப்புறம் பொத்தானத் தள்ளுங்க. செவப்பு எங்கன்னு எனக்குக் காட்டுங்க."

பர்ச்சம் தள்ளினார். நகத்தால் சுரண்டினார். பழுப்புக்கு அடியில் ஒரு கோடு சிவப்பு வந்தது. அவர் வெண்டலைப் பார்த்தார்.

"காட்டுக்குச் செவப்பு ஆகாதுல்ல சார்" என்றான் வெண்டல். "நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"செஞ்சது நல்லதுக்கு. தொடச்சது எதுக்கு?" என்றேன். "நான் உன் தம்பியோட ரத்தத்துல கையை நனச்சிக்கிட்டு ஆஸ்பத்திரியில நிக்கிறேன். நீ இங்க உக்காந்து பஞ்சுக் குச்சியில தொடச்சிக்கிட்டு இருந்திருக்க."

"ஓலெட்டா, ஊர்ல என் பேரு..."

"இந்த வருஷம் மொத்தம் எத்தனை அடிச்ச?"

பர்ச்சம் அதே கேள்வியைக் கேட்டதும்தான் மெதுவாகச் சொன்னான். "பன்னண்டு."

எங்கள் குடும்பத்துது மூன்று. கம்பியில் ஒன்று. மிச்சம் எட்டு. எட்டுத் துப்பாக்கி எட்டு வீட்டில் இருந்தது. நாளைக்குக் காலையில் எட்டுப் பேரும் காட்டுக்குப் போவார்கள், குனிந்து பார்ப்பார்கள், சிவப்பு இல்லை, சரி என்பார்கள். இது தெரிந்தும் இவன் குடும்பத்துத் துப்பாக்கி மூன்றை மட்டும் துடைத்துவைத்துவிட்டு, சாண்ட்விச் தின்று, தட்டையும் கழுவி வைத்திருந்தான். பெயிண்ட் அடித்ததை மன்னித்தாலும் மன்னிப்பேன். இதை மன்னிக்க மாட்டேன்.

"பேரச் சொல்லு" என்றேன். போனை எடுத்தேன். அவன் ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்ல நான் கூப்பிட்டேன். வெண்டல் காதில் விழட்டும் என்று சத்தமாகவே பேசினேன். வளையத்துப் பெயிண்ட்டை எடுத்துவிடச் சொன்னதை ஏழு பேர் கேட்டுக்கொண்டார்கள். ஆல்வா மட்டும், "சிவப்பு இருந்தா எவனாவது என்னைய பறவைன்னு சுட்டுருவானே" என்று இழுத்தான்.

"மோதிரத்துல பாதி இல்ல அது, எவன் கண்ணுக்கும் படாது. உன் கண்ணுக்குப் படணும்ல, அதுக்குத்தான் இருக்கு. தின்னர் இல்லன்னா நான் வந்து என் செவப்பு நகப்பாலிஷ அடிக்கட்டுமா?" என்றேன். அவனே சுரண்டிக்கொள்வதாகச் சொன்னான்.

கடைசியாகக் கார்லிஸைக் கூப்பிட்டேன். என் தப்பு பாதிதான் என்று தெரிந்தால் அவனுக்கும் மனசு ஆறும் என்று நினைத்தேன்.

"கார்லிஸ், சிவப்பு ஏன் தெரியலன்னு கண்டுபிடிச்சிட்டேன். இவன் வளையத்து மேலயும் பெயிண்ட் அடிச்சிருக்கான்."

"தெரியும்" என்றான் கார்லிஸ். "நீ அந்தாண்ட போனதும் போன் பண்ணிச் சொன்னான். யார்கிட்டயும் சொல்லாதேன்னான். என்ன செய்யச் சொல்ற ஓலெட்டா, அண்ணனாச்சே."

வெண்டல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையில உன்கிட்ட மூணு தடவ மன்னிப்புக் கேட்டேன்" என்றேன். "ஒண்ண வச்சுக்க. வேலியில தோட்டாவ எடுக்காம தள்ளினது நான்தான், அது என் தப்பு, சாகிற வரைக்கும் என் தப்பு. மத்த ரெண்ட உங்கண்ணன்கிட்ட வாங்கிக்க."

போனை வைத்தேன். பர்ச்சம் தயங்கித் தயங்கித் தாளை என் பக்கம் திருப்பினார். தோட்டாவோடு வேலிக்கு அடியில் தள்ளியது, ஒரு வருஷம் வேட்டைக்குப் போகக் கூடாது, கீழே என் பெயர். எல்லாம் உண்மை. கையெழுத்துப் போட்டேன்.

"இவனுக்கு என்ன?" என்றேன்.

"பெயிண்ட் அடிச்சதுக்கு இதுல கட்டம் இல்ல மேடம்."

தாளின் ஓரத்தில் வெள்ளையாக இடம் இருந்தது. பன்னிரண்டு துப்பாக்கி, பன்னிரண்டிலும் சிவப்பு வளையத்தை மூடியது, மூன்றை மட்டும் துடைத்தது, வெண்டல் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

"ஓரத்துல எழுதக் கூடாது மேடம்" என்றார் பர்ச்சம்.

"எழுதியாச்சு" என்று சொல்லிப் பேனாவை மூடி அவரிடம் கொடுத்தேன்.