நல்லா இருக்கேன் தொரை

...தொடை வழியாக விட்டுவிடுவார்களாம், மடக்கிய குடைபோல, உள்ளே போய் இதயத்தில் விரியுமாம், அதுதான் புது வால்வாம், நெஞ்சைப் பிளக்கவே வேண்டாமாம், ஆனால் நெஞ்சைத் திறந்தால் தாங்கமாட்டார்கள் என்று தெரிந்த கிழங்களுக்கு மட்டும்தானாம், கொழும்புக்கு வரும் வெள்ளைக்கார டொக்டர்மார் அப்படி ஆள் பார்த்துத்தான் எடுப்பார்களாம்... ஆகவே சின்னராசா எழுபத்தெட்டாவது வயதில், பதுளை ஆஸ்பத்திரிக் கட்டிலில், வாழ்க்கையின் முதல் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். தேறுவதற்குச் சீக்காளியாக இருந்தால் போதும். அதிலென்ன கஷ்டம், கக்கூசுக்குப் போகும் வழியில் மயங்கி விழுந்தவர்தானே? "ஏங்க, டொக்டரு கேட்டா உள்ளத சொல்லுங்க, மாப்புள்ள மாதிரி நிக்காதீங்க" என்று பெரியாயி விடிந்ததிலிருந்து ஓதுகிறாள், சரி சரி, கட்டிக்கொண்டவளே கங்காணியானால் எங்கே போவது... மூச்சு தொண்டைவரை வந்து திரும்புகிறது, நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தி ஓர் இடுக்கு மட்டும் விட்டிருக்கிறான், மொத்த ஆளும் அதன் வழியாகத்தான் போய்வர வேண்டும்... அதோ, அவர்களுக்கு ஆள் பொறுக்கிக் கொடுக்கும் டொக்டர் தனேஸ்வரன், பின்னால் ஒரு கூட்டம், கட்டில் கட்டிலாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டு... பெயரா? ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் போடும், பனி விலகாத பெரட்டுக் களத்தில், தொரை முன்னால், சீக்கு என்று வாய்திறந்தவனுக்கு அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் ஏது, காய்ச்சலோடு எத்தனை விடியல்களில் விறைத்து நின்றிருப்பார்... "சின்னராசா!" கால்கள் தாமாகக் கட்டிலைவிட்டு இறங்கின. முதுகு நிமிர்ந்தது.

"ஐயா, நடக்கேக்க மூச்சு இளைக்குதோ?"

"இல்லீங்க தொரை."

"மயங்கி விழுந்தனீங்களோ?"

"நல்லா இருக்கேன் தொரை. இப்பச் சொன்னாலும் மலைக்கு வேலைக்குப் போவேனுங்க."

பெரியாயி தலையில் கைவைத்தாள். "பொய்யி சொல்றாருங்க ஐயா! செருப்பு மாட்டவே மூச்சு வாங்குது இந்த மனுசனுக்கு!"

"பயப்பிடாதேங்கோ அம்மா, ஆள் திடமா நிக்கிறார். தொடை வழி இவரிலும் பார்க்க ஏலாத ஆக்களுக்குத்தான். இவருக்கு நெஞ்சைத் திறந்தே செய்யலாம்."

பாராட்டிவிட்டு டொக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். கூப்பிடலாம், கையெட்டும் தூரம்தான், பொய் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடலாம், திட்டினால் திட்டட்டும், ஆனால் கூப்பிட மூச்சு வேண்டுமே, நிமிர்ந்து நின்றதிலேயே அவ்வளவும் தீர்ந்துவிட்டது... அப்படியே கூப்பிட்டாலும், அவர் திரும்பி என்ன என்று கேட்டால் இந்த வாய் எதைச் சொல்லும்? "உக்காருங்களேன், விழுந்து தொலைக்கப் போறீங்க" என்று பெரியாயி கையைப் பிடித்து இழுத்தாள். உட்காரத்தான் பார்த்தார். முதுகு மசியவில்லை. போகலாம் என்று தொரை இன்னும் சொல்லவில்லையே...