விரல் நுழையாத ஜன்னல்

1

இப்போதெல்லாம் சொந்தப் பேத்தியைத் தூக்கப் போனாலும் "ஊசி போட்டாச்சா?" என்று வாசலிலேயே மறிக்கிறார்கள். இந்தக் கதை கிடைத்ததும் அப்படித்தான். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சண்டை காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொன்னாலும் சொல்லிக்கொள்ளுங்கள். பெரிய படிப்பெல்லாம் படித்தவனில்லை நான். விழுந்ததை எழுதுவேன், அவ்வளவுதான்.

2

"வெல்டர் கண்ணீர் மல்க ஜன்னலுக்கு வெளியே..."

எழுதியதை அடித்துவிட்டேன். அந்த ஆள் அழுகிற ஆளில்லை, திட்டுகிற ஆள். மறுபடியும்:

வெல்டர் தன் மகள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே மகள், அவள் தோளில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பேத்தி. கதவு தாழ் போட்டிருந்தது.

"கதவைத் திற."

"கக்குவான் இருமல் ஊசி போட்டுட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாப்பா. இவளுக்கு ஊசி போடுற வயசு இன்னும் வரல. சுத்தி இருக்கிறவங்க போட்டாதான் இவ தப்பிப்பா."

"நான் ஒருத்தன் போடலன்னா குடி முழுகிடுமா?"

"எல்லாரும் போட்டப்ப இந்தத் தெருவுல இப்படி ஒரு இருமலே கிடையாது. அப்புறம் ஆளாளுக்கு 'நான் ஒருத்தன்'னு சொல்லியே பாதித் தெரு விட்டுடுச்சு. இப்ப வீட்டுக்கு வீடு இருமல். எதிர்வீட்டுக் குழந்தை மூச்சு முட்டி நீலமாக் கிடந்ததை நீயும்தானே பார்த்த?"

"ஊசிக்குள்ள என்ன இருக்குன்னு எவன் கண்டான்?"

"நீ குடிக்கிற டீக்குள்ள என்ன இருக்குன்னு கண்டியா?"

3

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த ஜன்னலுக்குக் கம்பி அடித்ததே வெல்டர்தான். எவனையும் நம்பாத மனுஷன். விரல்கூட நுழையாதபடி நெருக்கி நெருக்கி வைத்தார். "ஒரு கம்பி விட்டாலும் திருடன் கை உள்ள வந்துடும்" என்று அன்றைக்குச் சொன்னவரும் அவரே.

"கம்பி அடிச்சப்ப நீ சொன்னியே, அதையேதான்பா நானும் சொல்றேன்" என்றாள் மகள்.

(இது நான் இட்டுக்கட்டியதில்லை, அவள் வாயில் வந்தது. நானே எழுதியிருந்தால் ரொம்பப் பொருத்தமாக இருக்கிறதென்று அடித்திருப்பேன்.)

"வாயையும் மூக்கையும் துண்டால மூடிக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் குழந்தையைக் கம்பியருகே கொண்டுவந்தாள். வெல்டர் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். முதல் கணுவிலேயே நின்றுவிட்டது. அதற்கு ஓர் அரிசி நீளம் தள்ளி, குழந்தையின் கை காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டது. பால் வாசம் வந்தது. (மாடி வரைக்கும் வராது. இது என் சேர்க்கை.)

"யார் ஜாடை?" குரல் இறங்கியிருந்தது.

"கிட்ட வந்து பார்த்து நீயே சொல்லு."

4

முடிவு ஒன்று: வெல்டர் ஆஸ்பத்திரிக்குப் போய்... சட்டைக் கையை மடிக்கும் வரை எழுதினேன். அதற்குமேல் என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறார்.

முடிவு இரண்டு: மகள் மனமிரங்கிக் கதவைத் திறக்க, சில நாளில் குழந்தை இரும...

மாட்டேன். யார் கேட்டாலும் இதை எழுதமாட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். விரலை உருவிக்கொண்டார். "எல்லாம் மருந்து விக்கிறவன் வேலை" என்று முனகிக்கொண்டே நடந்தார். தெருமுனையில் இடப்பக்கம் அவர் வீடு, வலப்பக்கம் ஆஸ்பத்திரி. எந்தப் பக்கம் திரும்பினார் என்று மாடியிலிருந்து தெரியவில்லை. வேண்டுமானால் நீங்களே திருப்பிவிடுங்கள். நடையைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கையில்லை.

அந்தச் சுண்டுவிரலை மட்டும் மற்றொரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டே போனார்.