பாக்கலாங்க

வலது காலின் பெருவிரல் மரத்துப்போய் ஒரு மாதமாகிறது. பிரேக்கை மிதிக்கிறேனா, சும்மா காலை வைத்திருக்கிறேனா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, இனியும் காட்டுப்பாதையில் ஜீப் ஓட்டினால் காலை மறந்துவிட வேண்டியதுதான் என்று ஈரோட்டு டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷம் சத்தியமங்கலத்துக்கு வடக்கே இந்தக் காட்டுக்குள் குலுங்கியதற்குக் கிடைத்த சன்மானம். போதும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். என் மனைவி புவனா ஜீப்பை வாங்க ஆள்கூடப் பார்த்துவிட்டாள்.

ஆனாலும் இந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அதே பாதையில்தான் ஏறிக்கொண்டிருந்தேன். எல்லாம் நான் சொன்ன ஒரு சொல்லால் வந்த வினை.

மலைமேலுள்ள ஊருக்கு வாரம் ஒருநாள் என் ஜீப்பில் போகும் நர்ஸ் லின்சி, போன வாரம் இறங்கும்போது, "அடுத்த செவ்வாயும் வருவீங்கல்லா அண்ணா?" என்று கேட்டாள். "பாக்கலாங்க" என்றேன். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லும் பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. பிடிக்காத இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தாலும் காபி கொடுத்து, பாக்கலாங்க என்றுதான் அனுப்புவோம். அவர்களும் புரிந்துகொண்டு போய்விடுவார்கள். லின்சி நாகர்கோவில்காரி, இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நான் சம்மதித்துவிட்டேன் என்று நம்பி, பிரசவத் தேதி நெருங்கிவிட்ட அந்த ஊர் மாதியிடம் செவ்வாய்க்கிழமை ஜீப் வரும் என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆம்புலன்ஸ் இந்தப் பாதையில் ஏறாது. பாதை தெரிந்த இன்னொரு டிரைவரும் பெருந்துறையில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

ஏறும் வழியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த லின்சியிடம் சொன்னேன்: "வரமாட்டேன்னுதானுங்க சிஸ்டர் அன்னைக்குச் சொன்னேன்."

"எப்போ சொன்னீங்க? பாக்கலாம்னுல்லா சொன்னீங்க?"

"அதேதானுங்க இது."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "காலு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, போன வாரமே அவளைக் கீழ கூட்டிட்டு வந்திருப்பேன்லா" என்று மட்டும் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

ஜீப் போகக்கூடிய கடைசி இடத்தில், பாறைமேல் பையை மடியில் வைத்துக்கொண்டு மாதி உட்கார்ந்திருந்தாள். விடியும்போதே வலி ஆரம்பித்துவிட்டதாம். நேற்றே கம்பளியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று அவள் புருஷன் சொல்லியிருக்கிறான். ஜீப்தான் வருகிறதே என்று இவள் மறுத்துவிட்டாளாம். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இறங்கும்போது ஒவ்வொரு கல்லும் இடுப்பில் ஏறி உட்கார்ந்தது. இந்தப் பாதையும் இந்த ஸ்டியரிங்கும் எனக்கு அலுத்துவிட்டன, அந்த அலுப்பு தூங்கி எழுந்தால் போகிற அலுப்பில்லை. முதல் கியரிலேயே ஊர்ந்தேன். பின்னால் மாதி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். லின்சி அவள் கையை விடவில்லை.

வலி சற்று அடங்கிய நேரத்தில் மாதி கேட்டாள்: "அண்ணா, புள்ளையோட திரும்பி வாரப்பவும் நீங்கதானே கூட்டிட்டு வருவீங்க?"

முடியாதுங்க அம்மணி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கண்ணாடியில் அவள் முகம் வியர்வையில் நனைந்து தெரிந்தது.

"பாக்கலாங்க" என்றேன்.

மாதி சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். லின்சி முன்னால் குனிந்து, மெதுவாக, "அண்ணா, இது எந்தப் பாக்கலாம்?" என்றாள்.

எனக்கே தெரியவில்லை. பாதையின் குறுக்கே ஓடைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வலது தொடையைக் கையால் தூக்கி பிரேக்கின்மேல் வைத்தேன். குனிந்து பார்த்தேன். கால் அங்கேதான் இருந்தது.