மூன்றும் பாஸ்

ஆணுறைத் தொழிற்சாலையில், உறைக்குள் தண்ணீர் நிரப்பி ஓட்டை பார்ப்பது அவள் வேலை. பால்வினை நோய்ப் பரிசோதனை முடிவு இருவருக்கும் வரும்வரை உறை இல்லாமல் கிட்டே வரக்கூடாது என்று புதுக் கணவனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். அவனும் மதியமே கடைக்கு ஓடி ஒரு பாக்கெட் வாங்கி வந்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனவள் குழாயைத் திறந்தாள்.

"உள்ள என்ன பண்றே?"

"மூணுமே பாஸுங்க. சொட்டுக்கூட ஒழுகல." மூன்று தண்ணீர்ப் பலூன்கள் குலுங்க, பெருமையாக வெளியே வந்தாள்.

"சரி, இப்ப எதைப் போடறது?"

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சோதித்ததைத் தொழிற்சாலையிலும் குப்பையில்தான் போடுவார்கள்.

வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு அவன் மறுபடி கடைக்குக் கிளம்பினான். ஆனால் மாடியேறி, தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடிவிட்டுத்தான் போனான்.